அப்பாவின் பெட்டிக்கு எடைக்கல்

முதல் தடவை எடை போட்ட அன்று பூவரச மரத்தடியில் யார் யார் இருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா இருந்தார். மஸ்கட் போகிறவர் அவர்தான். அம்மா இருந்தாள். அத்தை இருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், தரங்கம்பாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், ஒரு பை கருவாட்டோடு காலையிலேயே வந்து இறங்கிவிட்டாள். சித்தப்பா இருந்தார். எங்கள் மாதா கோயில் உபதேசியார் இருந்தார். சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடத்துகிறவர். பயணத்துக்கு ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போக வந்தவர், வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். பெட்டி இருந்தது. கிளையில் கட்டிய நுகத்தடியின் ஒரு முனையில் அது தொங்கியது. மறுமுனையில் அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டி என்னைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

நான் ஏன் தொங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

ஏஜெண்டு சொன்னதில் ஒன்றுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். விமானத்தில் ஒரு ஆளுக்கு இருபது கிலோ. அதற்கு மேல் இருந்தால் அங்கேயே பிரித்து வெளியே எடுக்கச் சொல்வார்கள். சித்தப்பா இதில் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். சாமானை மட்டும் இல்லை, ஆளையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவார்கள் என்றார். அம்மா அதை நம்பினாள்.

எங்களுக்கு இருபது கிலோ எவ்வளவு என்று தெரியாது. நெல்லை மரக்காலில் அளப்போம். அரிசியைப் படியில் அளப்போம். வைக்கோல் கட்டுக்கணக்கு. மண் கூடைக்கணக்கு. கிலோ ரேஷன் கடையில் இருந்தது. அப்பா போய்க் கேட்டார். பெட்டி வைக்கிற தராசு இல்லை, சர்க்கரை வைக்கிற தராசு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உர மூட்டை ஐம்பது கிலோ. அது எல்லோரும் முதுகில் சுமந்து பழகியது. அதில் இருபது எவ்வளவு என்று முதுகுக்குத் தெரியவில்லை.

சித்தப்பாவுக்குத்தான் என் ஞாபகம் வந்தது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. கொஞ்ச நாளைக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு நர்ஸம்மா வந்து எல்லாப் பிள்ளைகளையும் எடை பார்த்தார்கள். நான் இருபது கிலோ. முள் சரியாகக் கோட்டின் மேல் நின்றது. என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவை நிறுத்தி, இந்த வயசுக்கு இருபத்தஞ்சாவது இருக்கணும், பிள்ளைக்கு என்ன போடுறீங்க என்று கேட்டார்கள். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவைச் சாகுபடி இல்லை. நடவு இல்லாவிட்டால் அம்மாவுக்குக் கூலி இல்லை. வரப்பு வெட்டு இல்லாவிட்டால் அப்பாவுக்குக் கூலி இல்லை. அம்மா இதையெல்லாம் நர்ஸம்மாவிடம் சொல்லவில்லை. சரிங்க என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ இருக்கணுமாம்?"

"இருபத்தஞ்சாம்."

அப்பா தட்டில் இருந்ததை என் தட்டில் தள்ளிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டி போய் ஏஜெண்டைப் பார்த்தார். இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கு மஸ்கட் என்றால் விமானம். அவ்வளவுதான்.

ஆக, இருபது கிலோவுக்கு என்ன வழி என்று எல்லோரும் மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தபோது சித்தப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார்.

"இவதான் இருக்காளே அண்ணே. கவர்மெண்டு முத்திர போட்ட இருபது கிலோ கல்லு."

நுகத்தடி அவருடையது. உழவுக்கு ஒரு ஜோடி மாடு வைத்திருந்தார். டிராக்டர் வந்த பிறகு மாட்டை விற்றுவிட்டார். நுகத்தடியை யாரும் கேட்கவில்லை, வீட்டில் கிடந்தது. அதற்கு நடுவில் கயிறு கட்டும் இடம் குறித்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நீளம். ஒரு மாட்டுக்கு அதிகம், ஒரு மாட்டுக்குக் குறைவு என்று இருக்கக்கூடாது. இதைவிட நல்ல தராசு கிடையாது என்றார் சித்தப்பா. அவர் சொன்னது சரிதான். இன்றைக்கும் நான் அதில் குறை சொல்ல மாட்டேன்.

முதல் தடவை வெறும் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். நான் தரையைத் தொட்டேன். பெட்டி மேலே போய்க் கிளையில் இடித்தது. அத்தை கைதட்டினாள். உபதேசியார், நிறைய இடம் இருக்கிறது, நிறைய இடம் இருக்கிறது என்றார். எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தப் பெட்டி நாகூரில் வாங்கியது. அங்கே வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடைகள் உண்டு. யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து விற்ற பெட்டி. கைப்பிடியில் விமானத்தில் ஒட்டுகிற அடையாளச் சீட்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வாங்கிக்கொண்டு நாங்கள் பஸ்ஸில் வந்தபோது பக்கத்து சீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்து, எப்ப வந்தீங்க என்று கேட்டார். அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்பத்தான் என்றார்.

பேண்ட் இரண்டு தைத்தார்கள். அப்பா அதுவரை பேண்ட் போட்டதில்லை. டெய்லர் இடுப்பை அளக்க டேப்பைச் சுற்றிவிட்டு, இடுப்பு எங்கே என்று கேட்டாராம். ஷூ ஒரு ஜோடி. அதைப் போட்டு நடந்து பழகச் சொல்லி ஏஜெண்டு சொல்லியிருந்தார். அப்பா தினமும் சாயங்காலம் கைலியைக் கட்டிக்கொண்டு ஷூவைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் பாலம் வரை நடந்துவிட்டு வருவார். அது கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். தெரு நாய்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. குரைத்துக்கொண்டே கூடப் போகும். பெண்கள் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் வந்திருச்சு என்பார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அவர் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எதை வைத்துவிட்டுப் போவது என்பதில் சண்டை இல்லை. சைக்கிள் சித்தப்பாவுக்கு. மீன் வலை சித்தப்பாவுக்கு. ரேடியோவைக் கொண்டுபோகச் சொன்னாள் அம்மா. அங்கே போனால் அது அரபியில்தான் பேசும் என்றார் சித்தப்பா. அதனால் அது வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஆயிற்று.

எதைக் கொண்டுபோவது என்பதில்தான் தகராறு.

அத்தைக்குக் கருவாடு போக வேண்டும். நெத்திலி, வாளை, சுறா என்று மூன்று தினுசு. எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு பெரிய பாட்டில். அம்மாவுக்குப் புழுங்கல் அரிசி போக வேண்டும். பாலைவனத்தில் நெல் விளையாது, போன உடனே சோத்துக்கு என்ன செய்வார் என்றாள். ஒரு கம்பளியும் வைத்தாள். பாலைவனத்தில் ராத்திரி குளிரும் என்று யாரோ சொன்னார்களாம். அதை யாரும் நம்பவில்லை, இருந்தும் கம்பளியை வெளியே எடுக்க அவள் விடவில்லை. உபதேசியார் ஒரு மாதா சுரூபம் கொண்டுவந்து கொடுத்தார். சுண்ணாம்பில் செய்தது. ஒரு முழம் உயரம். நல்ல கனம். அதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அப்பா எடுத்து வைத்தது ஒன்றுதான். அவருடைய மண்வெட்டி. பிடியைக் கழற்றிவிட்டு இரும்பு இலையை மட்டும் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மஸ்கட்டில் தோட்ட வேலை என்று சொல்லியிருந்தார்கள். அங்கேயே எல்லாம் கொடுப்பார்கள், ஒன்றும் கொண்டுபோக வேண்டாம் என்று ஏஜெண்டு சொன்னதை அம்மா ஞாபகப்படுத்தினாள்.

"அவங்க மம்பட்டி நம்ம கைக்கு ஒத்துவராது" என்றார் அப்பா.

அவர் அப்படி எதையும் கேட்கிற ஆள் இல்லை. கல்யாண வீட்டில் ரசம் வரவில்லை என்றால் ரசம் இல்லாமல் எழுந்து வருகிறவர். அந்த மண்வெட்டியை வைத்துக்கொண்டு நின்ற மாதிரி எதற்கும் நின்றதில்லை. எனக்கு அது பெட்டியில் போயே ஆக வேண்டும் என்று பட்டது.

இரண்டாம் தடவை எல்லாவற்றையும் வைத்துத் தூக்கினார்கள். பெட்டி தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. நான் மேலே போய் இலைக்குள் போய்விட்டேன். பின்னல் கிளையில் மாட்டிக்கொண்டது. கீழே எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். என்னை இறக்கிவிட ஆள் இல்லை. அத்தை கீழிருந்து, ஏண்டி மேல மாதா தெரியிறாங்களா என்று கேட்டாள். உபதேசியார்கூடச் சிரித்துவிட்டார்.

இறக்கிய பிறகு எதை எடுப்பது என்று பேச்சு வந்தது. கருவாட்டைக் குறைக்கலாம் என்றாள் அம்மா. அரிசியைக் குறைக்கலாம் என்றாள் அத்தை. கம்பளி எதற்கு என்றார் சித்தப்பா. உபதேசியார் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சு சூடாகும் முன்னால் அப்பா குனிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் உள்ளே சாத்திவிட்டு வந்தார். அப்புறமும் பெட்டி கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. கொஞ்சம் அரிசி எடுத்தார்கள். நுகத்தடி நேராக நின்றது. இருபது கிலோ என்றார் சித்தப்பா.

தூளியில் ஆடிக்கொண்டே நான் யோசித்தேன். பெட்டி அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். நான் எடை ஏறினால் பெட்டியும் எடை ஏறலாம். மண்வெட்டி போகலாம். இது அங்கிருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு நான் கல். கல் வளராது.

அன்றைக்கே இரண்டு தடவை சோறு கேட்டேன்.

அடுத்த வாரம் பயணம் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தார். அது அதற்கு அடுத்த வாரம் ஆயிற்று. பிறகு அதற்கு அடுத்த மாதம். விசா வந்துவிட்டது, டிக்கெட் வரவில்லை என்றார். பிறகு டிக்கெட் வந்துவிட்டது, தேதி வரவில்லை என்றார். இப்படி மூன்று மாதம் ஓடியது. அம்மாவுக்குக் கவலை. எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்ச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். சொல்லாமல் போனால் வருஷக்கணக்கில் பேச மாட்டார்கள். போனால் சும்மா அனுப்ப மாட்டார்கள். கையைப் பிடித்து உட்கார வைத்து இலை போடுவார்கள். குறுவை பொய்த்த வருஷம் என்றாலும், போகிறவருக்கு ஒரு கோழி எங்கிருந்தாவது வந்துவிடும். அப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். அம்மாவுக்கு வேலை இருக்கும். நான் மட்டும்தான்.

ஒரு வீட்டில் விரால் குழம்பு. ஒரு வீட்டில் முட்டை, ஆளுக்கு இரண்டு. ஒரு வீட்டில் கோழி அடித்து, எனக்குத் தனியாக ஈரல் வைத்தார்கள். அதிரசம், முறுக்கு கட்டிக் கொடுத்ததைத் திரும்பி வரும் வழியில் தின்பேன். பயணம் தள்ளிப்போன பிறகு சில வீட்டுக்காரர்கள் எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இன்னும் போகலியா என்று கேட்டுவிட்டுத் திரும்ப இலை போட்டார்கள். அப்பாவுக்குக் கூச்சம். அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். தன் இலையில் விழுந்த மீனை முள் எடுத்து என் இலைக்குத் தள்ளுவார். நான் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"போதுமா பாப்பா?"

"இன்னும்."

ஒரு நாளும் போதும் என்று நான் சொன்னதில்லை. அப்பாவும் என் திட்டத்தில் சேர்ந்துவிட்டார், மண்வெட்டிக்காகத்தான் எனக்குத் தள்ளுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும். அவருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

என் பெரியப்பா முறை ஒருவர் வீட்டில் நான் நாலாம் தடவை சோறு கேட்டபோது அந்த வீட்டுப் பெரியம்மா பானையைச் சாய்த்துக் காட்டினாள். பிள்ளையா இது, கதிரறுக்கிற மிஷினா என்றாள். அப்பா அன்றைக்குச் சைக்கிள் மிதிக்கிறபோது வழியெல்லாம் சிரித்தார். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. முன்னாலெல்லாம் அந்த ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்காது.

அதற்குள் ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. மழையும் பிடித்தது. சம்பா நடவு தொடங்கி அம்மாவுக்குக் கூலி வர ஆரம்பித்தது. ஒரு நாள் என் பாவாடைக் கொக்கி தெறித்துப் போயிற்று. அம்மா அதை எடுத்து இரண்டு விரல் தள்ளித் தைத்தாள். தைத்து முடித்து, நாடாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அன்றைக்கு மீன்காரியிடம் பேரம் பேசாமல் மீன் வாங்கினாள்.

தேதி உறுதியாகிவிட்டது என்று தகவல் வந்ததும் கடைசியாக ஒரு தடவை எடை போட்டார்கள். அத்தை திரும்ப வந்திருந்தாள். பழைய கருவாடு வாசம் போய்விட்டது என்று புதிதாகக் கொண்டுவந்தாள். மழை விட்டிருந்தது. மரம் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கி மாட்டினார்கள். என்னைத் தூளியில் வைத்தார்கள்.

நான் இறங்கினேன். பெட்டி ஏறியது.

எடுத்த அரிசியைத் திரும்ப வைத்தார்கள். அப்போதும் நான் கீழேதான் இருந்தேன். சித்தப்பா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அப்பா உள்ளே போனார். சாக்கில் சுற்றிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் அதைக் கம்பளிக்கு அடியில் செருகியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்தால் கனம் கூடும் என்று ஒரு எண்ணம். பெட்டி மெதுவாக இறங்கியது. நான் மெதுவாக ஏறினேன். நுகத்தடி நேராக வந்து நின்றது.

அத்தை குலவை போட்டாள். உபதேசியார் ஸ்தோத்திரம் என்றார். சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பெட்டியை அடுக்கியது அவர்தான்.

"பாத்தியாண்ணே, எல்லாம் மடிக்கிறதுல இருக்கு. இறுக்கி மடிச்சா எட கொறஞ்சிரும்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். அப்பாவும் ஆமாம் என்றார். நான் தூளியில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அன்றைக்கு மாதிரி எதையும் சாதித்ததாக எனக்கு நினைப்பில்லை.

ரயில் திருவாரூரிலிருந்து. அதில் மெட்ராஸ் போய் விமானம் ஏற வேண்டும். எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம். உபதேசியாரும் வந்தார். அப்பா பேண்ட் போட்டிருந்தார், ஷூ போட்டிருந்தார். ரயில் வர நேரம் இருந்தது. பார்சல் ஆபீஸ் வாசலில் பெரிய எடை மிஷின் ஒன்று நின்றது. கீழே இரும்புப் பலகை, மேலே கடிகாரம் மாதிரி வட்டமாக ஒரு முகம், அதில் ஒரு முள். சித்தப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. உள்ளே இருந்தவரிடம் போய், சார் ஒரு தடவை இதில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டுமா, சரியாக இருபது கிலோதான், வீட்டிலேயே போட்டுவிட்டோம் என்றார்.

"எதுல போட்டீங்க?"

"நொகத்தடியில சார்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தார். வைங்க பார்ப்போம் என்றார்.

வைத்தார்கள். முள் ஆடி நின்றது. இருபத்திரண்டரை என்றார்.

அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆளை வெளியே தள்ளிவிடுவார்கள் என்று சித்தப்பா சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். சித்தப்பா குனிந்து மிஷினுக்கு அடியில் பார்த்தார். நுகத்தடி நடுவில் தேய்ந்திருக்கும் என்று முணுமுணுத்தார்.

"தேஞ்சது நொகத்தடி இல்லடா, ஒன் மூள" என்றாள் அத்தை.

பிளாட்பாரத்திலேயே பெட்டியைத் திறந்தார்கள். கருவாட்டு வாசம் கிளம்பியது. காத்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்கள். ஒருவர் இதை எடுங்கள் என்றார், ஒருவர் அதை எடுங்கள் என்றார். அத்தை கருவாட்டுப் பொட்டலத்தின் மேல் கை வைத்துக்கொண்டாள். அம்மா கம்பளியின் மேல். உபதேசியார் ரயில் வருகிற திசையைப் பார்த்தார். அப்பா கம்பளிக்கு அடியில் கையை விட்டு மண்வெட்டியை உருவி எடுத்தார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எடுத்துத் தரையில் வைத்தார்.

திரும்பத் தூக்கி வைத்தார்கள். இருபதரை. அரைக் கிலோவுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள், போங்கள் என்றார் பார்சல்காரர். எல்லோருக்கும் உயிர் வந்தது.

எனக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது. அப்பா போகிறார் என்று அழுகிறேன் என நினைத்து அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவளைத் தள்ளிவிட்டு மண்வெட்டியைக் காட்டினேன்.

"இது போவணுமின்னுதான் நான் அம்புட்டும் தின்னேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. நான்தான் சொன்னேன். நான் எடை ஏறினால் பெட்டியும் எடை ஏறலாம் என்று நினைத்ததை, வீடு வீடாகப் போய்த் தின்றதை, மூச்சைப் பிடித்துக்கொண்டதை. சித்தப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பார்சல்காரர் சிரித்தார். உபதேசியார் சிரித்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முன்னால் உட்கார்ந்து என் செருப்பைக் கழற்றிவிட்டார். என்னைத் தூக்கி மிஷின் பலகையின் மேல் நிறுத்தினார். இரும்பு காலுக்குச் சில்லென்று இருந்தது.

"இதையும் கொஞ்சம் பாருங்க சார்."

ஆளுக்கெல்லாம் போடுவதில்லை என்றார் பார்சல்காரர். சொல்லிக்கொண்டே பார்த்தார். பார்த்துச் சொன்னார். அப்போது அப்பாவின் முகம் மாறியது. வாய் கொள்ளாமல் சிரித்தார். மண்வெட்டி தரையில் கிடக்கிறது. ஊருக்குத்தான் திரும்பப் போகப்போகிறது. இவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் வந்தது. இறங்கப் போனேன். தோளைப் பிடித்து அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க சார்."

பெட்டியில் எதையோ திரும்ப வைக்கத்தான் கேட்கிறார் என்று நான் அசையாமல் நின்றேன். பார்சல்காரர் முள் நிற்கும் வரை பொறுத்தார்.

இருபத்திரண்டரை.